தங்காதவர்களும் தங்கியிருப்பவர்களும்



இவ்வாண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவை நிகழ்த்துமாறு என்னைப் பணித்த பொறுப்பாளர்கள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் பெருந்தன்மையோடு என்னிடமே விட்டுவிட்டமையால், சமீப காலமாகப் பத்திரிகைகளிலும் இளைஞர்களின் சம்பாஷணைகளிலும் அடிபடுகின்ற ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு, அதை நம் நாட்டுப் பழைய அனுபவத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று துணிந்தேன். மடிக்கணினியையும் கடவுச்சீட்டையும் ஒரு பையில் இட்டுக்கொண்டு, சில மாதம் லிஸ்பன் நகரிலும் சில மாதம் பாலித் தீவிலும் தங்கி, கண்ணுக்கெட்டாத தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு உழைத்து ஊதியம் பெறுகிறவர்கள், தம்மை இக்காலத்து நாடோடிகள் என்று சொல்லிக்கொள்கிறார்கள். 1997-ஆம் ஆண்டிலேயே சுகியோ மகிமோட்டோ என்ற ஜப்பானியப் பொறியியலாளரும் டேவிட் மேனர்ஸ் என்ற பத்திரிகையாளரும் சேர்ந்து எழுதிய 'டிஜிட்டல் நாடோடி' என்ற நூல், கருவிகள் சிறுத்துத் தகவல் தொடர்பு பெருகுமானால் மனிதன் ஓரிடத்தில் நிலைத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் தளரும் என்று முன்னுரைத்தது. அந்த நிர்ப்பந்தம், கணினி அறிந்த ஒரு சிறு வகுப்பாருக்கேனும், இன்று தளர்ந்திருப்பது கண்கூடு.

இப்புதியவர்களைப் பரிகசிப்பது என் நோக்கமன்று. அவர்களுள் என் மாணவர்களும் உண்டு. ஆயினும், அலைந்து திரிவதனால் மட்டும் ஒருவனுடைய வாழ்வு பழைய நாடோடிகளின் வாழ்வுக்கு ஒப்பானதாகிவிடுமா என்ற வினா என்னை விட்டு அகலவில்லை. நாடோடி என்றவுடன் வேரற்றவன், யாருக்கும் கடமைப்படாதவன், இன்றிருந்து நாளை போகிறவன் என்ற சித்திரமே நம் மனத்தில் எழுகிறது. அச்சித்திரத்தை வரைந்தவர்கள் நிலத்தையும் வீட்டையும் உடையவர்கள். நான் அறிந்த வரையில், மரபு வழிப்பட்ட நாடோடிகள் தாம் கடந்து செல்லும் ஊர்களோடு மிக நெருக்கமான கொடுக்கல் வாங்கலில் கட்டுண்டிருந்தார்கள். அவர்களுடைய சஞ்சாரத்துக்கு அர்த்தம் தந்தது அந்த உறவேயன்றி, நடந்த தூரம் அன்று.

முதலில் பாணரை நோக்குவோம். பத்துப்பாட்டின் பத்துப் பாடல்களுள் சரிபாதி ஆற்றுப்படைகள். முருகனிடத்து ஆற்றுப்படுத்துவதை ஒதுக்கிவிட்டாலும், பொருநனையும் சிறுபாணனையும் பெரும்பாணனையும் கூத்தனையும் வழியனுப்புகிற நான்கு நெடும்பாட்டுகள் எஞ்சும். ஒரு சமுதாயம் தன்னுடைய தலைசிறந்த பாட்டுகளில் இத்தனையை, ஊர் ஊராய்ப் போகும் கலைஞனுக்கு வழி சொல்வதற்கென்றே ஒதுக்கியிருக்கிறது என்றால், அந்தக் கலைஞனை அது எவ்வளவு அவசியமானவனாகக் கருதியிருக்க வேண்டும்! தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்குக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்வது வெறும் திசைக் குறிப்பன்று. எயினர் குடியில் இன்ன உணவு, இடையர் சேரியில் இன்ன உணவு, உழவர் மனையில் இன்ன உணவு என்று நிலந்தோறும் காத்திருக்கும் சோற்றின் வகையையும் சேர்த்தே சொல்கிறார். இன்றைய கணினிப் பிரயாணிகளும் தமக்குள் இத்தகைய குறிப்புகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள். எந்த நகரத்தில் இணைய வேகம் அதிகம், எங்கே அறை வாடகை குறைவு, எந்தக் காப்பிக் கடையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் முகம் சுளிக்கமாட்டார்கள் என்றெல்லாம் அவற்றில் விரிவாகக் காணலாம். அவையும் ஒருவகையில் ஆற்றுப்படைகளே, சந்தேகமில்லை. ஆனால் வருகிறவனை எதிர்பார்த்து, அவன் வாயால் பாட்டைக் கேட்க வேண்டும் என்று விரும்பி, உணவைத் தயாராக வைத்திருக்கும் ஒரு மனிதனை அவற்றில் நான் தேடிக் கண்டதில்லை.

துறவிகளின் சஞ்சாரமும் இப்படிப்பட்டதே. மதுரையை அடுத்த மாங்குளத்துக் குன்றில் குடைந்துள்ள கற்படுக்கைகளை உங்களுள் பலர் பார்த்திருப்பீர்கள். பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளன் ஒருவன் கணிநந்தன் என்ற துறவிக்கு அறமாக அமைத்துக் கொடுத்தான் என்று அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுக் கூறுகிறது. சமண முனிவர் ஓரிடத்தில் நிலைத்துத் தங்கலாகாது என்பது நியமம். மழைக்காலத்தில் புல்பூண்டும் புழுபூச்சியும் மிகுந்து, அவற்றை மிதித்துக் கொல்ல நேரும் என்ற அச்சத்தால் நான்கு மாதம் ஓரிடத்தில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்பதும் நியமமே. நடப்பதற்கு ஒரு விதி, நிற்பதற்கு மற்றொரு விதி. நிற்கும் காலத்துக்குப் படுக்கை செதுக்கிக் கொடுப்பது ஊராரின் கடமை. படுக்கையைப் பெற்றவர் அறம் உரைப்பது கைம்மாறு. அந்தத் துறவிகள் போய்விட்டார்கள். அவர்கள் பொருட்டு எழுதப்பட்டவையோ நாம் பெற்றுள்ள மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளின் வரிசையில் நிற்கின்றன.

இலக்கியத்தையும் கல்வெட்டையும் விட்டு, இன்றும் நம் கண்முன் நடமாடுகிற ஒரு நாடோடியிடம் வருகிறேன். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளிலிருந்து தஞ்சைத் தரணிக்கு ஆட்டு மந்தைகளை ஓட்டிவரும் கீதாரிகளைச் சொல்கிறேன். கி. ராஜநாராயணனின் 'கிடை', சு. தமிழ்ச்செல்வியின் 'கீதாரி' ஆகிய கதைகளின் வாயிலாக இவர்களை நம் வாசகர் ஓரளவு அறிவர். வடகிழக்குப் பருவமழை பெய்து கிழக்குச் சீமையின் தரிசுகளில் பசுமை கண்டிருக்கும் மாதங்களில் சொந்த ஊர்ப்பக்கம் மேய்ந்த ஆடுகள், அப்பசுமை வற்றிக் காவிரிப் படுகையில் சம்பா அறுவடை முடிகின்ற தை, மாசியில் வடக்கே நகரத் தொடங்குகின்றன. தோளில் தொரட்டிக் கம்பும், தலைச்சுமையாகச் சமையற் பாத்திரமும், அன்று ஈன்ற குட்டிகளைக் கவிழ்த்து மூடிவைக்கும் கூடுகளுமாக, பல நேரங்களில் பெண்டு பிள்ளைகளோடும், அவர்கள் நடந்து வருகிறார்கள். பகலில் அறுவடையான வயல்களிலும் வாய்க்கால் கரைகளிலும் மேய்ந்த மந்தையை இரவில் ஒரு மிராசுதாரரின் வயலில் அடைப்பதற்குக் கிடை போடுதல் என்று பெயர். நேற்றுப் படுத்த இடத்தில் இன்று படுக்காமல், வயலின் ஒரு மூலை தொடங்கி மறுமூலை வரையில் கிடையை மாற்றி மாற்றி அமர்த்தினால், புழுக்கையும் மூத்திரமும் ஒரே சீராக மண்ணில் இறங்கும். வண்டி வைத்து எரு அள்ள வேண்டியதில்லை, இறைக்கக் கூலியாள் தேட வேண்டியதில்லை. மாட்டெருவின் பலன் மறு வருஷம் தெரியும், ஆட்டெருவின் பலன் அந்த வருஷமே தெரியும் என்று சம்சாரிகள் சொல்வதுண்டு. இதற்குக் கூலி முன்பு நெல்லாக அளக்கப்பட்டது. இப்போது, இத்தனை ஆட்டுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ரொக்கமாகக் கொடுக்கப்படுகிறது.

இந்த ஏற்பாட்டின் நுட்பத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். மேய்ச்சல் இல்லாத காலத்தில் ஆட்டுக்குத் தீனி, பயிர் இல்லாத காலத்தில் வயலுக்கு எரு. ஒருவருடைய வெறுமை மற்றவருடைய தேவையோடு மாதக்கணக்கில் பிசகாமல் பொருந்துகிறது. மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட பின்னர், ஜூன் 12-ஆம் நாள் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பது என்ற வழக்கம் ஏற்பட்டது. அந்த நாள் உழவனுக்கு எவ்வளவு முக்கியமோ அவ்வளவு கீதாரிக்கும் முக்கியம், ஏனெனில் வாய்க்காலில் நீர் வந்து குறுவைக்கு நாற்றங்கால் விடத் தொடங்கிவிட்டால் மந்தைக்கு அங்கே இடமில்லை. எந்தக் கிராமத்தில் எந்தக் குடும்பத்தார் வயலில் கிடை போடுவது என்பது பல இடங்களில் தகப்பன் காலத்திலிருந்து வருகிற பாத்தியம். வழியிலுள்ள ஊருணி, கிணறு, மந்தைவெளி, நிழல்மரம், பொல்லாத தோட்டக்காரன், நல்ல மனசுக்காரி ஆகிய யாவும் கீதாரியின் ஞாபகத்தில் ஒரு வரைபடமாகப் பதிந்திருக்கின்றன. இவனையா வேரற்றவன் என்பது? ஒரே தெருவில் இருபது வருஷம் குடியிருந்தும் எதிர்வீட்டுக்காரரின் பெயர் அறியாத நம்மைவிட இவனுக்கு உறவினர் அதிகம்.

இதைச் சொல்லும்போது, ஆட்டுக்காரனின் பிழைப்பு இன்பமயமானது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பாம்புக்கடி, திடீர் மழை, கோமாரி நோய், பயிரில் ஆடு வாய் வைத்துவிட்டால் வரும் தகராறு, இரவில் ஆடு களவுபோதல் என்று அவனுடைய துன்பங்கள் பல. மங்கோலியப் புல்வெளியில் குதிரை, ஒட்டகம், மாடு, செம்மறி, வெள்ளாடு ஆகிய ஐவகைக் கால்நடைகளோடு திரியும் ஆயர்களைப் பற்றி வெளிநாட்டுப் பிரயாணிகள் எழுதுகிற வர்ணனைகள் மனத்தை மயக்குவன. ஆனால் கோடையில் புல் பொய்த்து, குளிர்காலத்தில் பனி இறுகி, மேய முடியாமல் மந்தை மந்தையாக விலங்குகள் மடியும் 'ஜுட்' என்ற உற்பாதம் 2009-2010 குளிர்காலத்தில் எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளை மாய்த்தது. மந்தையை இழந்தவர்கள் உலான்பாதர் நகரின் விளிம்பில் கூடாரமடித்து, நிலக்கரிப் புகையில் அடுத்த வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள். பதினான்காம் நூற்றாண்டில் இப்னு கல்தூன் பாலைவன நாடோடிகளின் உறுதியையும் இனப்பற்றையும் புகழ்ந்து எழுதினார் என்றாலும், அவர் நகரவாசி. கூடாரத்தில் வாழ்கிறவன் நகரத்தை நாடுவதே இயற்கை என்பதையும் அவரே சொல்லிவைத்தார்.

நாடோடியின் துன்பங்களுள் இயற்கை தந்தவற்றைவிடச் சர்க்கார் தந்தவை கொடியன. உப்பு வணிகரின் கதையே இதற்குச் சான்று. சங்க காலத்து உமணர் நெல்லுக்கு உப்பை மாற்றிக்கொண்டு, குடும்பத்தோடு வண்டி கட்டித் திரிந்தவர்கள். வண்டியின் அச்சு முறிந்தால் உதவுவதற்கு மற்றோர் அச்சைக் கீழே கட்டிச் சென்ற அவர்களுடைய முன்யோசனையை, அதியமானின் மகனுக்கு உவமையாக ஔவையார் எடுத்தாண்டிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் சென்னை மாகாணத்தில் அதே தொழில் நடந்தது. எட்கர் தர்ஸ்டன் தென்னிந்திய ஜாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி 1909-இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், குறவருள் உப்புக் குறவர், தப்பைக் குறவர், கறிவேப்பிலைக் குறவர் என்று அவரவர் கொண்டுசெல்லும் சரக்கினாலேயே பெயர்பெற்ற பிரிவுகள் குறிக்கப்படுகின்றன. கடற்கரை உப்பைக் கழுதை மீதும் மாட்டின் மீதும் ஏற்றி, பாதையில்லாத உள்நாட்டுக் கிராமங்களில் தானியத்துக்கு மாற்றி, அத்தானியத்தை மீண்டும் கரைக்குக் கொண்டுவந்த அவர்கள் இல்லாவிட்டால், பல ஊர்களில் சோறு உப்பில்லாமலே வெந்திருக்கும்.

இத்தொழில் எப்படி அழிந்தது? 1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னை மாகாணத்தில் உப்பைத் தம் ஏகபோகமாக்கிக்கொண்டனர்; விலையும் வரியும் ஏறின. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரையில் ரயில் ஓடத் தொடங்கியது. மாட்டின் முதுகு இருப்புப்பாதையோடு எத்தனை நாள் போட்டியிட முடியும்? தாது வருஷத்துப் பஞ்சம் மிச்சத்தைத் தீர்த்தது. பிழைப்பைப் பறித்த பிறகும் அந்த ஜனங்கள் பழக்கம் மாறாமல் ஊர் ஊராய்ப் போனார்கள். இனி விற்பதற்குச் சரக்கில்லாதவன் எதற்காகத் திரிகிறான் என்று போலீஸார் கேட்டார்கள். கேள்வியை அவர்களே கேட்டு விடையையும் அவர்களே எழுதிக்கொண்டார்கள். 1871-இல் வட இந்தியாவுக்கென்று இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் திருத்தப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றத்துக்குப் போதிய அத்தாட்சி என்று கொண்ட அச்சட்டத்தை நம் ஜனங்கள் ரேகைச் சட்டம் என்று அழைத்தார்கள்: விரல்ரேகை பதிய வேண்டும், குறித்த நேரத்தில் ஆஜர் கொடுக்க வேண்டும், அடுத்த ஊருக்குப் போவதானால் அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். திரிந்த குறவர்மீதும், நிலைத்துக் குடியிருந்த கள்ளர்மீதும் அது ஒருங்கே பாய்ந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரலில் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். திரிகிறவர்களை ஓரிடத்தில் அடைத்துத் தொழில் பழக்குவதாகச் சொல்லிக் குடியேற்றங்கள் அமைக்கப்பட்டன. இன்றைய ஆந்திரக் கரையோரத்தில் இரட்சணிய சேனையார் நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. நாடு விடுதலை பெற்று, 1952 ஆகஸ்டு 31-ஆம் நாள் இச்சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது. சட்டம் போனது, காவல் நிலையத்துப் பார்வை அவ்வளவு விரைவில் போகவில்லை. பாசிமணியும் ஊசியும் விற்றுத் திரியும் நரிக்குறவர், குருவிக்காரர் ஆகியோரைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் மசோதாவைப் பாராளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான்.

இனி, கடல்கடந்து நிகழும் மற்றொரு காட்சியைப் பார்ப்போம். 2020-ஆம் ஆண்டு, பெருந்தொற்றினால் விமானங்கள் நின்று விடுதிகள் வெறிச்சோடியிருந்த வேளையில், கரிபியப் பகுதியிலுள்ள பார்படாஸ் என்ற சிறு தீவு, அயல்நாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்வோர் ஓராண்டு வந்து தங்கலாம் என்று முத்திரைச் சீட்டு ஒன்றை வழங்கத் தொடங்கியது. ஆண்டு வருமானம் 50,000 அமெரிக்க டாலர் இருக்க வேண்டும், கட்டணம் 2,000 டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் எஸ்தோனியா, மாதம் 3,504 யூரோ வருமானமுள்ளவர்களுக்கு இத்தகைய விசாவை ஏற்படுத்தியது. பிற நாடுகளும் இதைப் பின்பற்றின. அலைகிறவனைக் கண்டு அஞ்சி ரேகை எடுத்த அரசு என்ற அமைப்பே, இப்போது அலைகிறவனுக்குப் பத்திரிகை அடித்து அழைப்பு விடுக்கிறது. இதில் முரண்பாடு இல்லை. வருமானச் சான்று வைத்திருக்கும் அலைச்சல்காரன் கணக்கில் அகப்படுகிறவன். உப்பு மூட்டையோடு வந்தவன் எந்தக் கணக்கிலும் அகப்படவில்லை.

இந்த அழைப்பிதழ்களில் நான் நெடுநேரம் யோசித்து நின்ற இடம் வேறு. வருகிறவனுடைய எஜமானனோ வாடிக்கையாளரோ அந்த நாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பதே ஏறக்குறைய எல்லா நாடுகளும் விதிக்கும் முதல் நிபந்தனை. உள்ளூர்க்காரனின் வேலையைப் பறித்துவிடக் கூடாது என்ற நியாயமான எண்ணத்தில் பிறந்த விதிதான் அது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்: பாணன் பாட்டையும், உமணன் உப்பையும், கீதாரி எருவையும் கொடுத்து ஊருக்குள் நுழைந்தார்கள்; இவனோ தன் கைத்தொழிலை அந்த ஊருக்குக் கொடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டு நுழைகிறான். அவன் ஊருக்குத் தருவது பணம் ஒன்றே. அந்தப் பணமும் ஓரிடத்து விலைவாசியில் சம்பாதித்து, அதைவிடத் தாழ்ந்த மற்றோரிடத்து விலைவாசியில் செலவழிக்கிற பணம். அந்த இடைவெளியில்தான் அவனுடைய சௌகரியம் முழுவதும் அடங்கியிருக்கிறது. ஆகவே அவன் கூட்டமாக வரத் தொடங்கும் பேட்டைகளில் வீட்டு வாடகை, அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கிறவனின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போகிறது. 2025 ஜூலையில் மெக்ஸிகோ நகரத்தில், ரோமா, கொண்டேசா என்ற பகுதிகளில் ஜனங்கள் தெருவில் இறங்கி ஆர்ப்பாட்டம் செய்தது இதன் பொருட்டே. கிடை போட வந்தவனை விரட்டிய மிராசுதாரர் இருந்திருக்கலாம்; ஆனால் கிடை வந்ததனால் தன் வீட்டை விட்டுப் போக நேர்ந்த குடியானவன் இருந்ததில்லை.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய நாடோடியின் கடிகாரம் அவன் நிற்கிற மண்ணில் இருந்தது; மழை, அறுவடை, திருவிழா, சந்தை நாள். புதியவனுடைய கடிகாரம் அவனுடைய அலுவலகத்தில் இருக்கிறது. பாலித் தீவில் குடியிருந்து கலிபோர்னியாக் கம்பெனிக்கு உழைக்கிறவன், அண்டை வீட்டில் விளக்கணைக்கும்போது அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்து, கோயிலுக்குப் பூத்தட்டு எடுத்துப்போகும் பெண்கள் தெருவில் நடமாடும் காலைப் பொழுதில் உறங்குகிறான். கீதாரி குடும்பத்தோடும் பங்காளிகளோடும் நடந்தான். இவன் பெரும்பாலும் தனியே போகிறான்.

ஆயினும் நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஊரையும் ஜாதியையும் விட்டு விலகினால்தான் மூச்சு விடலாம் என்ற நிலையில் உள்ள ஓர் இளம்பெண்ணுக்கு, யாரும் தன்னை அறியாத நகரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக் கிடைக்கும் உரிமை சாமான்யமானதன்று. ஊரோடு கொண்ட உறவு என்று நான் புகழ்ந்துவந்த அதே பந்தம், கூத்தாடிக்கும் குறத்திக்கும் ஊருக்கு வெளியேதான் இடம் ஒதுக்கியது; அவர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்ட கைகள் அவர்களைத் தீண்டத் தயங்கின. அந்தப் பந்தத்தை அப்படியே மீட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கைத்திறன் உடையவன் தங்கியிருக்கும் ஊரின் பள்ளிக்கூடத்துக்கோ பஞ்சாயத்துக்கோ வாரத்தில் சில மணி நேரம் பயன்படுவதற்கு, விசாவின் நிபந்தனைகளில் இடம் செய்வது அப்படியொன்றும் அசாத்தியமான காரியமன்று என்று மட்டும் எனக்குப் படுகிறது.

இவ்வறக்கட்டளையின் நிதியைக் கொண்டு ஆண்டுதோறும் மாணவர் ஒருவருக்கு ஆராய்ச்சி உதவி அளிக்கப்படுகிறது என்று அறிகிறேன். அது தொடர்பாக ஒரு விண்ணப்பம் உண்டு. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பருவந்தோறும் வந்துபோகும் மேய்ச்சல் சமூகங்களின் உரிமையைக் காட்டுக்குள் அங்கீகரித்திருக்கிறது. காட்டுக்கு வெளியே, இராமநாதபுரத்திலிருந்து காவிரிப் படுகை வரையில் கிடைகள் நடந்து செல்லும் வழிக்கும், அவ்வழியிலுள்ள மேய்ச்சல் புறம்போக்குக்கும் அத்தகைய காப்பு இல்லை. மந்தைவெளிகள் வீட்டுமனைகளாகவும் பேருந்து நிலையங்களாகவும் மாறிவருகின்றன. ரசாயன உரம் பழகிய வயலுக்குக் கிடை வேண்டாம் என்போரும், கோடையில் ஆழ்துளைக் கிணற்றை நம்பிப் பயிர் வைத்துவிட்டவர்களும் பெருகிவிட்டார்கள். கீதாரியும் இப்போது அடுத்த வயலைக் கைப்பேசியில் பேசி முடிவு செய்கிறான். அவனுடைய மகன் திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போய்விடுகிறான். பழைய வழிகளை நடந்தே அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே, ஒரு மாணவர் ஒரு மந்தையோடு தை முதல் ஆனி வரை உடன் நடந்து, கிடை போட்ட ஊர்கள், தண்ணீர் கிடைத்த இடங்கள், கூலி பேசிய முறை, எந்தக் குடும்பத்தின் வயலில் எத்தனை தலைமுறையாகப் பாத்தியம் என்பனவற்றை எழுதிக்கொண்டு வருவாரானால், மேய்ச்சல் உரிமை பற்றி என்றேனும் சட்டசபையில் பேச்சு எழும்போது எடுத்துக்காட்டுவதற்கு ஒரு சாசனம் இருக்கும். அம்மாணவருக்குக் கணினியும் வேண்டும், தொரட்டிக் கம்பும் வேண்டும். இரண்டுக்கும் நிதி ஒதுக்குமாறு பொறுப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.